வாங்குவோரின் விருப்பமும் விற்போரின் இலாபமும்

"மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள், நாங்கள் அதைத்தான் கொடுக்கிறோம்" என்பது வியாபாரிகளின் பழைய வாதம். மலிவான தொடர்கதைகளை அச்சிட்டு விற்போர் இவ்வாதத்தை முன்வைக்கும்போது, அவ்விருப்பத்தை வளர்த்தவர் யார், வேறு சரக்கு கடையில் இருந்ததா என்னும் வினாக்களை நாம் எழுப்புகிறோம். இலக்கியத்துக்குப் பொருந்தும் இவ்வினாக்கள் ஏனைய பண்டங்களுக்கும் பொருந்துவனவே. ஐக்கிய அமெரிக்காவின் மோட்டார்ச் சந்தையில் அரை நூற்றாண்டாக நிகழ்ந்துள்ள மாற்றம் இதற்குத் தக்க சான்றாகும்.

1975ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சந்தைக்கு வந்த புதிய தனியார் வண்டிகளுள் பத்துக்கு எட்டு, செடான் கார்களும் அவற்றையொத்த ஸ்டேஷன் வாகன்களுமாகவே இருந்தன. அண்மை ஆண்டுகளிலோ அவை ஏறத்தாழ நான்கிலொரு பங்காகச் சுருங்கிவிட்டன. தாழ்ந்த கூரையும், பின்புறத்தில் பிரித்தமைத்த பொருட்பெட்டியுமுடைய செடானின் இடத்தைக் 'கிறொஸ்ஓவர்' என்னும் உயர்ந்த வண்டி பிடித்துக்கொண்டது. இது உண்மையில் ஜீப்பன்று. சாதாரணக் காரின் அடித்தளத்தின்மீது ஜீப்பின் தோற்றத்தை ஏற்றி வைத்த கலப்பினம். டொயோட்டா 1994இல் வெளியிட்ட 'ராவ் 4', ஹொண்டா 1995இல் வெளியிட்ட 'சி.ஆர்.வி.' ஆகியன இவ்வினத்தின் முன்னோடிகள். 2018 ஏப்ரலில் போர்ட் கம்பனி, வட அமெரிக்காவில் தன் செடான் வகைகள் அனைத்தையும் கைவிடப்போவதாக அறிவித்தது. வாங்குவோரின் விருப்பம் மாறிவிட்டது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

விருப்பம் மாறியது மெய்யே. ஆனால் அது வானத்திலிருந்து இறங்கிய மழையன்று. அதற்கு வாய்க்கால் வெட்டியவர்கள் இருக்கிறார்கள்.

முதல் வாய்க்கால் சட்டம். எண்ணெய் நெருக்கடியின் விளைவாக 1975இல் அமெரிக்கக் காங்கிரஸ் எரிபொருட் சிக்கனச் சட்டமொன்றை இயற்றியது. 1985ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு கம்பனியின் கார்களும் சராசரியாக ஒரு கலன் பெற்றோலுக்கு 27.5 மைல் ஓடவேண்டும் என்று அது விதித்தது. ஆனால் 'இலகு பாரவண்டி'களுக்குத் தனியான, தளர்ந்த அளவு வகுக்கப்பட்டது. கமக்காரனும் கைவினைஞனும் தொழிலுக்குப் பயன்படுத்தும் வண்டி என்பது அதற்குரிய நியாயம். 1996 முதல் 2004 வரை அவ்வளவு 20.7 மைலாகவே நின்றது. காருக்குக் கடுமை, பாரவண்டிக்குச் சலுகை என்றானபின், காரைப் பாரவண்டி என்று பெயர்சூட்டி விற்பதே கம்பனிகளுக்கு ஊதியமாயிற்று.

இது மிகைக்கூற்றன்று. 2000ஆம் ஆண்டு வெளிவந்த கிறைஸ்லரின் 'பி.ரி. குறூசர்' என்னும் குடும்ப வண்டி, பின்னிருக்கைகளைக் கழற்றியெடுத்தால் தட்டையான தளம் கிடைக்கும் என்ற காரணத்தால் சட்டத்தின் முன் பாரவண்டியாயிற்று. 2004இல் சுபாறு கம்பனி தன் 'அவுட்பாக்' வண்டியைப் பாரவண்டி வகுப்புக்குள் புகுத்துவதற்காக அதன் உடலைச் சிறிது உயர்த்தியமைத்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டன. எனினும் ஒரே கிறொஸ்ஓவர் இரு சக்கரங்களால் இயங்கினால் கார் என்றும், நான்கு சக்கரங்களாலும் இயங்கினால் பாரவண்டி என்றும் கணிக்கப்படும் விந்தை தொடர்ந்தது. 2011 முதல், நிலத்தில் அகன்று நிற்கும் வண்டிக்கு எளிய இலக்கு, குறுகியதற்குக் கடிய இலக்கு என்ற முறை நடைமுறையாயிற்று. 2025இல், சிக்கன விதியை மீறும் கம்பனிகள் செலுத்தவேண்டிய தண்டப்பணமே பூச்சியமாக்கப்பட்டது.

வரிச்சட்டமும் தன் பங்கினைச் செய்தது. 6,000 இறாத்தலுக்கு மேற்பட்ட மொத்த நிறைக்கெனக் கணிக்கப்பட்ட பெருவண்டியை வியாபாரத்துக்கென வாங்குவோர், 2003இல் வந்த மாற்றத்தின்படி, அதன் விலையில் ஒரு இலட்சம் டொலர் வரையில் முதலாண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. கண்டனம் எழுந்தபின், 2004இல் இத்தகைய வண்டிகளுக்கு அத்தொகை 25,000 டொலராகக் குறைக்கப்பட்டது. மருத்துவரும் வழக்கறிஞரும் பெருவண்டியை 'விரும்பியதில்' இச்சலுகைக்கு எத்துணைப் பங்குண்டு என்பதை விளம்பரங்கள் கூறுவதில்லை.

இரண்டாவது வாய்க்கால் அச்சம். பத்திரிகையாளர் கீத் பிராட்ஷர் 2002இல் வெளியிட்ட 'ஹை அண்ட் மைட்டி' என்னும் நூலில், கம்பனிகளின் சந்தை ஆய்வாளர்கள் மனித மனத்தை எவ்வாறு துருவினர் என்பதை விளக்குகிறார். அவர்களுள் ஒருவரான குளோட்டேர் ரப்பாயின் கொள்கைப்படி, வாங்குபவனின் அறிவுடனன்றி, ஆபத்துக்கு அஞ்சும் ஆதி உணர்ச்சியுடனேயே வண்டி பேசவேண்டும். உயரமும் பருமனும் அவ்வுணர்ச்சிக்குக் கவசமாகத் தோன்றும். சமுதாயம் தந்த அச்சத்தைச் சமுதாயத்துக்கே விற்றுக் காசாக்கும் கலை இது.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலர் செய்யும் தவறொன்றையும் சுட்டவேண்டும். பெருவண்டி வாங்குவோர் அனைவரையும் வீண்பகட்டுக்காரர் என ஏளனம் செய்வது எளிது. ஆனால் அது ஆராய்ச்சியன்று. முழங்கால் நோவுள்ள முதியவருக்கு உயர்ந்த இருக்கையில் ஏறி இறங்குவது எளிது. குழந்தையை இருக்கையில் வைத்துக் கட்டும் தாய்க்குக் குனியவேண்டிய வருத்தம் குறைகிறது. பின்கதவைத் திறந்தால் பெரும் பொதிகளும் கொள்ளும். இவை நியாயமான தேவைகள். கம்பனிகள் அவற்றைப் பூர்த்தி செய்தமை எமது குற்றச்சாட்டன்று. சாதாரணக் காரின் அடித்தளத்தையே உயர்த்திக் கூடிய விலைக்கு விற்று, குறைந்த இலாபம் தரும் செடானைக் கடையிலிருந்து அகற்றிவிட்டு, எஞ்சியதை வாங்குவோரைக் காட்டி 'மக்களின் தீர்ப்பு' என முழங்குவதையே நாம் மறுக்கிறோம்.

மேலும், தனியொருவருக்குப் பொருந்தும் முடிவு எல்லோரும் எடுக்கும்போது கேடாகிவிடுவதுமுண்டு. வீதியெங்கும் உயர்ந்த வண்டிகள் நிறையும்போது, தாழ்ந்த காரில் இருப்பவருக்கு முன்னால் எதுவும் தெரிவதில்லை. மோதினால் நசுங்குபவரும் அவரே. ஆகவே அவரும் அடுத்த முறை உயர்ந்த வண்டியையே வாங்குகிறார். வல்லரசுகளின் ஆயுதப் போட்டியை ஒத்தது இது. இதனை விருப்பம் என்பதா, நிர்ப்பந்தம் என்பதா?

இப்போட்டியில் சேராத ஒருவர் இருக்கிறார். அவர் நடந்து செல்பவர். 2009இல் ஐக்கிய அமெரிக்க வீதிகளில் கொல்லப்பட்ட பாதசாரிகள் ஏறத்தாழ 4,100 பேர். 2022இல் அத்தொகை 7,500ஐத் தாண்டியது. வேகமும் வீதியமைப்பும் இதற்குக் காரணமாவதை நாம் மறக்கவில்லை. எனினும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எண்ணுதல் வேண்டும். பொனட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேலுயர்ந்த வண்டிகள் பாதசாரிகள்மீது மோதும்போது, 30 அங்குலத்துக்கு மேற்படாத, சாய்ந்த முகப்புடைய வண்டிகளைவிட உயிர்ச்சேதம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் என்று அது காட்டிற்று. பாதசாரியின் விருப்பத்தைச் சந்தை கேட்டதில்லை. அவர் எதையும் வாங்கவில்லை. எனவே சந்தையின் கணக்கில் அவருக்கு விருப்பமே இல்லை.

தொழிலாளியின் நிலையும் அதுவே. ஓகையோ மாநிலத்து லோர்ட்ஸ்டவுன் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் 1966இல் திறந்த தொழிற்சாலை, 1972இல் உலகின் கவனத்தை ஈர்த்தது. 'வேகா' என்னும் சிறிய காரை மணிக்கு நூறு வீதம் ஓட்டிய இயந்திர வேகத்துக்கு எதிராக இளந்தொழிலாளர் அங்கு வேலைநிறுத்தம் செய்தனர். அதே தொழிற்சாலை பிற்காலத்தில் 'குறூஸ்' என்னும் செடானை உற்பத்தி செய்தது. 2017 ஜனவரியில் ஒரு வேலைமுறையும், 2018 ஜூனில் மற்றொன்றும் நிறுத்தப்பட்டன. 2019 மார்ச் 6இல் இறுதிக் குறூஸ் வெளிவந்தது. எந்த வண்டியைச் செய்வது என்று அத்தொழிலாளரை எவரும் கேட்கவில்லை. கேட்காது எடுத்த முடிவின் தண்டனையை மட்டும் அவர்கள் அனுபவித்தனர்.

ஆகவே, 'வாங்குவோரின் விருப்பம்' என்னும் சொற்றொடர் இரு உண்மைகளை மறைக்கிறது. அவ்விருப்பம் சட்டத்தாலும் இலாபத்தாலும் அச்சத்தாலும் உருவாக்கப்பட்டது என்பது ஒன்று. வாங்குவோரல்லாத பெருந்தொகையினரின் குரலை அது கணக்கில் எடுப்பதில்லை என்பது மற்றொன்று.

வேறு வகையாகக் கேட்கவும் முடியும். 2024 பெப்ரவரியில் பாரிஸ் மாநகரம், பாரமான வண்டிகளின் தரிப்புக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று நகரமக்களிடமே கேட்டது. வாக்களித்தோருள் 54 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆம் என்றனர்; அவ்வாண்டு ஒக்டோபரில் கட்டணம் நடைமுறைக்கு வந்தது. வாக்களித்தோர் தொகை ஆறு சதவீதத்தையும் எட்டவில்லை என்பதையும் கூறவேண்டும். ஜனநாயகம் ஒரே நாளில் பழக்கமாகிவிடுவதில்லை. ஆயினும் வண்டி வைத்திருப்பவரும் நடந்து செல்பவரும் அங்கே ஒரே வாக்குச்சீட்டைப் பெற்றனர். கடையில் அவர்கள் ஒருபோதும் சமமாக நின்றதில்லை.

சட்டத்தின் வகுப்புகள் விருப்பத்தை உருவாக்கியது உண்மையானால், வேறு வகுப்புகள் வேறு விருப்பத்தை உருவாக்கும் என்பதும் உண்மையே. நிறைக்கேற்ற வரி, பொனட்டின் உயரத்துக்கு வரம்பு, செடானையும் கிறொஸ்ஓவரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் எரிபொருள் விதி, யாவற்றுக்கும் மேலாக நல்ல பொதுப் போக்குவரத்து ஆகியன கற்பனைக்கு எட்டாதவையல்ல. மக்களின் விருப்பத்தை மதிப்பவர் முதலில் எல்லா மக்களையும் கேட்கட்டும்.