எழுத்து போடும்போது எங்கே போகிறீர்கள்?

தியேட்டரில் டைட்டில் ஓடும்போதுதான் பலருக்கு பார்க்கிங் டோக்கன் ஞாபகம் வரும். வீட்டிலோ 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தான். "பேர்தானே போடறான்!" என்பவர்களோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது. இந்தக் கோபம் பழையதுதான். 1955-ல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' வெளியானபோது, திரைச்சீலையை விலக்கிவிட்டுத்தான் டைட்டிலை ஓட்ட வேண்டும் என்று ஆபரேட்டர்களுக்குக் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். போதைக்கு அடிமையானவனின் கதை அது. கறுப்புத் திரையில் வெள்ளைப் பட்டைகள் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் கோணிக்கொண்ட ஒரு கையாகிவிடும். செய்தவர் சால் பாஸ்.

எதைப் பார்ப்பது? எழுத்தின் வடிவம், அது வந்துபோகும் விதம், நிறம், இசை. ஒருமுறை சத்தத்தோடு பாருங்கள், இன்னொருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அரிச்சுவடி முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

டைட்டிலில் இரண்டே ஜாதி: ஒட்டிய எழுத்து, நடிக்கும் எழுத்து. அந்த எழுத்தை மனசுக்குள் அழித்துப் பாருங்கள். ஒன்றும் குறையவில்லையா? ஒட்டிய எழுத்து. ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) இதற்குப் பாடப்புத்தகம். கார் டிக்கியில் குண்டு வைக்கிறார்கள். எல்லைப்புற ஊரின் தெருக்களில் மூன்று நிமிஷத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் கேமரா அந்தக் காரோடு போகிறது. ஸ்டூடியோக்காரர்கள் அதன் மேலேயே பெயர்களை ஒட்டி, மான்சினியின் இசையையும் போட்டார்கள். வெல்ஸ் எழுதிவைத்த குறிப்பின்படி 1998-ல் மறுபடி எடிட் செய்தபோது அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். காட்சிக்கு உயிர் வந்துவிட்டது!

இப்போது நடிக்கும் எழுத்து: 'சைக்கோ' (1960). சாம்பல் கோடுகள் சரசரவென்று பாய்கின்றன. பெயர்கள் துண்டு துண்டாக வருகின்றன. மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம். ஒரு கணம் பொருந்தி, வாசிக்கவிட்டு, மறுபடி பிளந்துபோகின்றன. பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்துக்கொண்டு நம் நரம்பை இழுக்கிறார். ஆள் இல்லை, வீடு இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் யாருக்கோ மனசு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்பதை எழுத்தே சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய வருஷத்து 'நார்த் பை நார்த்வெஸ்ட்' இன்னும் குறும்பு. பச்சைத் திரையில் சாய்வுக் கோடுகள். பெயர்கள் அதன் மேல் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடுகள் ஒரு கட்டடத்தின் கண்ணாடி முகப்பாகி, அதில் நியூயார்க் டாக்சிகள் தெரியும். இயக்குநர் ஹிட்ச்காக்கே வந்து பஸ்ஸைத் தவறவிடுவார்.

'டு கில் எ மாக்கிங்பேர்ட்'டில் (1962) எழுத்து சும்மாதானே நிற்கிறது என்று மடக்குவீர்கள். நிற்கட்டும். ஒரு குழந்தை கிரையானைத் தேய்க்கத் தேய்க்கத்தானே படத்தின் பெயர் வெளியே வருகிறது? அந்த ஒன்றுக்காகவே அதை நம் கட்சியில் சேர்த்துக்கொள்கிறேன்.

நகரத்துக்கு மேலே ட்ரோன் பறக்க, தங்க முலாம் பூசிய எழுத்து தீப்பொறியோடு வந்து விழுகிறதே, அதை 'உலகத்தரம்' என்று எழுதும் விமர்சகர்களை என்ன செய்வது? இன்டர்வெல் பிளாக்குக்கு மூன்று பத்தி எழுதுகிறவர்கள் டைட்டிலுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. 'அண்ணாமலை'யில் (1992) தொடங்கிய சூப்பர் ஸ்டார் கார்டு? நமக்குள் இருக்கட்டும், நானும் விசில் அடிப்பேன். ஆனால் அது நாயகனுக்குப் போடும் சலாம். படம் எதுவானாலும் அதே சலாம்தான். கதையைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

கடைசியாக, என் செல்லம்: டேவிட் ஃபின்சரின் 'செவன்' (1995). கைல் கூப்பர் செய்த டைட்டில். கீறிக் கிறுக்கிய எழுத்துகள் துடிக்கின்றன. யாரோ ஒருவன் பிளேடால் விரல்நுனித் தோலைச் சீவுகிறான், நோட்டுப் புத்தகம் தைக்கிறான். முகம் கிடையாது. பெயர்களையும் அவனே எழுதுகிறானோ என்று சந்தேகம் வரும். பிறகு வந்த த்ரில்லர்கள் கிறுக்கலை மட்டும் காப்பியடித்தன. யார் கிறுக்குகிறார்கள் என்று யோசிக்கவில்லை. கொலைகாரனாக நடித்தவரின் பெயரை அந்த டைட்டிலில் வேண்டுமென்றே போடவில்லை. அவர் யாரென்று இன்னும் தெரியாத பாக்கியசாலிகள் யாரிடமும் கேட்காமல், கூகுளிலும் தேடாமல் இன்றைக்கே படத்தைப் போட்டுவிடுங்கள்.