தங்கத்துக்கு முந்தைய பூச்சு

வேலை முடிந்த மாலையில் தஞ்சாவூர் ஓவியம் பழகும் நகரத்து இளம்பெண்களுக்கு, தங்கத் தகட்டைவிட அதற்கு முந்தைய பூச்சுதான் பெரிய இன்பம் என்பேன். சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்த விழுதைத் தூரிகை நுனியில் தொட்டுக் கண்ணனின் கைவளையை மேடாக்க வேண்டும். நீர்த்தால் வழியும், தடித்தால் காய்ந்து வெடிக்கும். ஒரு பூச்சு உலரும்வரை அடுத்தது கிடையாது. அலுவலகத்து அவசரம் இங்கே செல்லாது. கல் பதித்து, மேடு காய்ந்த பிறகே தகடு.

மராட்டியர் அரண்மனை ஆதரித்த கலையை, 2007-08இல் புவிசார் குறியீடும் பெற்றதை, பலகையில் முன்பே அச்சிட்ட கோட்டின்மேல் பொழுதுபோக்காகச் செய்வதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பழைய ஓவியர்களும் வெண்ணெய்க் கண்ணனையும் ராமர் பட்டாபிஷேகத்தையும்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள். படியெடுப்பது இந்தக் கலையின் முறையே. அவர்கள் எழுதிய பலாப்பலகை இன்று பிளைவுட் ஆனதைப் பற்றி வேண்டுமானால் வருத்தப்படலாம். ஆனால் கன்னத்தில் நிழல் தீற்றும்போது அச்சுக்கோடு உதவாது. ஒரே கண்ணன் ஆளுக்கொரு முகமாவது அங்கேதான்.