தொடுகோடு சரி, வெட்டுக்கோடு?

கணிதக் கலைச்சொல்லைத் தமிழாசிரியர் திறனாய்வு செய்யலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கணிதத்தைத் தமிழில் படித்த நம் பிள்ளைகள், மூன்றாம் படிவத்தில் ‘டேன்ஜென்ட்’ என்ற சொல்லைச் சந்திக்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டுப் பாருங்க. சூத்திரம் வரும், பொருள் வராது. இலத்தீனில் அது ‘தொடுதல்’ என்ற வினையிலிருந்து வந்த சொல். ‘சீகெண்ட்’ என்பது ‘வெட்டுதல்’ என்பதிலிருந்து வந்தது. இதை நம் சொற்கள் முகத்திலேயே காட்டுகின்றன.

முதலில் தொடுகோடு. தொட்ட கோடு, தொடுகின்ற கோடு, தொடும் கோடு என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. ஊறுகாய், சுடுசோறு வரிசைதான். வடிவியல் உண்மைக்குக் காலம் கிடையாது. காலத்தை மறைத்து நிற்கும் தொகை அதற்கு எவ்வளவு பொருத்தம்! வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘க்’ வரவில்லை. ‘தொடுக்கோடு’ என்று எழுதினால் பூத்தொடுப்பதும் அம்பு தொடுப்பதும்தான் நினைவுக்கு வரும்.

வெட்டுக்கோட்டில் மட்டும் ‘க்’ எப்படி வந்தது? இங்கே ‘வெட்டு’ வினைப்பகுதியாக நிற்கவில்லை, பெயராக நிற்கிறது. வெட்டுக்காயம் என்பதைப் போல. வன்தொடர்க் குற்றியலுகரத்தின்பின் வலி மிகுந்துவிட்டது. பிழையில்லைதான். ஆனால் உடன்பிறப்புகளாக நிற்க வேண்டிய இரு சொற்கள் இருவேறு இலக்கணத்தில் நிற்கின்றன. ‘வெட்டுகோடு’ என்றே அமைத்திருந்தால் இரண்டும் வினைத்தொகையாகி ஜோடி சேர்ந்திருக்கும். இது என் கருத்து. வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை இனி மாற்றச் சொல்லவில்லை. தேர்வில் வெட்டுக்கோடு என்றே எழுதுங்கள். (நாண் என்ற சொல்லில் எனக்குக் குறையே இல்லை. வில்லும் நாணும் சேர்ந்து வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்த அழகை என்ன சொல்ல!)

பொருளிலும் இவ்விரு கோடுகளுக்கு நெருக்கம் உண்டு. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி. அங்கிருந்து வரும் வெட்டுக்கோடு, வட்டத்தை 4 செ.மீ. தொலைவிலும் 9 செ.மீ. தொலைவிலும் சந்திக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 36. அதே புள்ளியிலிருந்து வரையும் தொடுகோட்டின் நீளம் 6 செ.மீ.; அதன் வர்க்கமும் 36. யூக்ளிட் தம் நூலின் மூன்றாம் பாகத்தில் இதை நிறுவியிருக்கிறார். வெட்டுக்கோட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் இரு வெட்டுப்புள்ளிகளும் நெருங்கி நெருங்கி ஒன்றாகிவிடும். அந்த நொடியில் வெட்டுவது நின்று தொடுவது தொடங்குகிறது.

‘ஒரே புள்ளியில் சந்திக்கும் கோடு’ என்று மட்டும் விளக்கம் தருவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வட்டத்துக்கு அது போதும். பிற வளைகோடுகளுக்குப் போதாது. பரவளையத்தின் அச்சு அதை ஒரே புள்ளியில்தான் சந்திக்கிறது, ஆனால் தொடுவதில்லை, ஊடுருவிப் போகிறது. ‘தொடு’ என்ற வினை சொல்லுக்குள்ளேயே இருக்க, விளக்கத்தில் அதை ஏன் விட்டுவிடுகிறோம்?