பேனையும் உரிமையும்

சட்டத்தில் ஒப்பமிட்ட பேனையைப் பொன்னேபோற் போற்றிப் பேழையில் வைக்கும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் நெடுநாளாக உண்டு. 1964 ஜூலை 2இல் குடிசார் உரிமைகள் சட்டத்தில் ஒப்பமிட்ட ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன், 75க்கு மேற்பட்ட பேனைகளைக் கையாண்டார். கையெழுத்தின் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் ஒரு பேனை. எழுதிய பேனை ஒருவருக்குப் பரிசு. மார்ட்டின் லூதர் கிங்கும் ஒன்று பெற்றார். இத்தகைய பேனைகளை நூதனசாலைகளும் தனிப்பட்ட சேகரிப்பாளரும் இன்று பாதுகாத்து வருகின்றனர்.

இதனை வெறும் ஆடம்பரமென்று ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. சட்டம் ஒருவர் கைவண்ணமன்று, பலர் பாடுபட்டதன் விளைவு என்னும் உண்மை அங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆயினும், அவ்வுரிமைக்காகச் சிறை சென்றவரும் தடியடி பட்டவரும் ஆயிரமாயிரவர். அவர்களுள் எத்தனை பேருக்குப் பேனை எட்டியிருக்கும்?

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பேனையைக் காத்தவர் உரிமையையும் காத்துவிட்டதாக மயங்குதல் எளிது. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தில் ஒப்பமிட்ட பேனைகள் போற்றப்படுகின்றன. அச்சட்டத்தின் முதுகெலும்பான ஏற்பாடொன்றையோ 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது.

காங்கேசன்துறையிலிருந்து இதனை எண்ணும்போது நம் நாட்டுச் சட்டங்கள் கண்முன் நிற்கின்றன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. இத்தொகுதியின் அன்றைய பாராளுமன்ற உறுப்பினர் செல்வநாயகம் அதனை எதிர்த்தார். அடுத்த ஆண்டிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். அச்சட்டத்துக்கு இசைவளித்த பேனையை எவர் கேட்டுப் பெறுவார்? அதன் மை, பிரசாவுரிமையின்றிப் பிறந்து பிரசாவுரிமையின்றியே மாண்ட தோட்டத் தொழிலாளர் வாழ்விலன்றோ படிந்தது! எஞ்சியோருக்கு வழிதிறந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்குள் 55 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். 1958 ஏப்ரலிலே பிரதமர் அதனைக் கைவிட்டார். ஒப்பமிட்ட கை பின்வாங்கியபின் பேனைக்கு என்ன பெருமை?

பேனை சேகரிப்போர் சேகரிக்கட்டும். ஆனால், பேழையின் அருகே ஐந்து செய்திகளையும் எழுதி வைக்கட்டும்: அச்சட்டத்துக்காகப் போராடியவர் யார், எதிர்த்து நின்றவர் யார், அதனாற் பெற்றவர் யார், இழந்தவர் யார், இன்று அச்சட்டம் எந்நிலையில் உள்ளது. அவை எழுதப்பட்டிருக்குமாயின், அப்பேழையின் முன் என் மாணவரை அழைத்துச் சென்று நிறுத்த நான் தயங்கேன்.