ஒப்பாரியில் ஊறிய பாட்டு

பௌர்ணமி இரவு. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை டீக்கடையில் ‘என்ஜாய் எஞ்சாமி’ ஒலித்தது. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அம்மா தாளத்துக்குத் தலையாட்டினார்.

2021 மார்ச்சில் வந்த பாட்டு. பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடியது. தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தீயின் குரலில் சங்கதிகளின் அலங்காரம் கிடையாது. சற்றே கரகரத்து, பேசுவதுபோலவே பாடுகிறார். அந்த நவீனக் குரலுக்குப் பக்கத்திலேயே ஒப்பாரியின் இழுவை. நம் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து, ‘என் சாமி’ என்று விளித்து அழும்போது வரி முடிவில் மூச்சு அப்படியே சரியும். அந்தச் சரிவையே இந்தப் பாட்டு ஆட்டமாக்கியது.

இந்தப் பாட்டுக்குத் தூண்டுதலான அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். கையிலிருந்த டீயை அன்று நிதானமாகக் குடித்தேன்.