பரம்பரையும் பழியும்

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது நம்மவர் பழமொழி. பிள்ளை பெற்றோரை ஒத்திருத்தலைக் கண்டோர் கூற்று அது. கண்டது உண்மையே, அதனின்று சிலர் கொள்ளும் முடிபே ஆராய்தற்குரியது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளிற் கற்பிப்போர் கேட்டுப் பழகிய முடிபொன்று உண்டு: "இப்பிள்ளைகள் குறுகிய உருவினர், அஃது இவர்தம் பரம்பரை." இக்கூற்றைப் பிறப்புரிமையியலின் துணைகொண்டு மதிப்பிடுதலே ஈண்டு எமது நோக்கம்.

பரம்பரையின் வலிமையை யாம் மறுக்கவில்லை. மனிதனின் பரம்பரை ஏடு ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களாலானது. இருவரிடையே ஆயிரத்துக்கு ஓரெழுத்தளவில் வேறுபாடு உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. சிலவோ ஓரெழுத்தேயாயினும் நோய் விளைப்பன. இலங்கையிற் காணப்படும் ஈமோகுளோபின் 'ஈ' அத்தகையது. அதனை ஒரு பெற்றோரிடமிருந்து மாத்திரம் பெற்ற பிள்ளை நலமாகவே வளரும். மற்றவரிடமிருந்து பீற்றாத் தலசீமியா மாற்றமும் வந்து சேருமாயிற் கடுஞ்சோகை நேரலாம்.

உயரத்தின் செய்தி வேறு. அது பற்பல சிறு காரணிகளின் கூட்டு விளைவாகலாம் என 1918இல் பிஷர் கணித வழியாற் காட்டினார். 2022இல் 54 இலட்சம் பேரை ஆராய்ந்தோர், உயரத்தோடு தொடர்புடைய 12,111 மாற்றங்களைக் கண்டனர். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அவையனைத்தும் சேர்ந்து ஐரோப்பிய வழியினரின் உயர வேறுபாட்டில் 40 சதவீதத்தை விளக்கின. ஏனையோரில் 10 முதல் 20 சதவீதத்தையே விளக்கின. பிறரைக் கொண்டு எழுதிய ஏட்டினால் எம் பிள்ளைகளுக்குத் தீர்ப்புக் கூறல் முறையன்று.

இதனினும் பெரிய பிழையொன்றுண்டு. ஒரே மண்ணில் வளர்வோரிடையே காணும் வேறுபாட்டுக்குரிய காரணத்தை, வேறு வேறு மண்ணில் வளர்வோருக்கும் ஏற்றிக் கூறுவதே அது. தோட்டத்தார் இதனை எளிதில் உணர்வர். ஒரு தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்க்கும் வீ.பீ. தேயிலைக் கன்றுகள் யாவும் பரம்பரையால் ஒன்றே. அவற்றுட் சிலவற்றை மண்ணரித்த மேட்டிலும், சிலவற்றை வளமான தாழ்நிலத்திலும் நட்டால் வளர்ச்சி ஒன்றாகுமோ? மேட்டுச் செடி குறுகியதற்குத் தாய்ச்செடியைப் பழிப்பார் எவருமிலர்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடளாவ 17 சதவீதத்தினர். தோட்டத்துறையில் 32 சதவீதத்தினர். இந்த இடைவெளி குருதியால் வந்ததென்போர் தென்கொரியாவை நோக்குக. அங்கு 1896இற் பிறந்த பெண்களிலும் 1996இற் பிறந்த பெண்கள் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளனர். நூறாண்டில் ஓரினத்தின் பரம்பரை அவ்வளவு மாறாது. மாறியவை உணவும் சுகாதாரமும் வாழ்வுமேயாம்.

"தாயும் குறுகியவள் அன்றோ?" எனச் சிலர் வினவுவர். போதிய உணவின்றி வளர்ந்து, சோகையோடு மலையேறிக் கொழுந்து பறிக்கும் தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறத்தல் வியப்பன்று. அக்குழந்தையும் லயத்து அறையில், அதே பற்றாக்குறையில் வளர்கின்றது. ஓரெழுத்தும் மாறாமலே வறுமை தாயிடமிருந்து மகளுக்கு இறங்குகின்றது. பழமொழி சுட்டும் ஒப்புமை அங்கும் உண்டு. ஆயினும் அதற்குக் குருதி சான்றாகாது.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சியன்று. பரம்பரை என்று கூறிவிட்டாற் பொறுப்பாளர் எவருமிலர். பகலுணவும் தூய நீரும் தாய்மார்க்கு ஓய்வும் வேண்டப்படா. சேலைக்கு நூல் மாத்திரம் போதாது, தறியும் வேண்டும். ஆண்டுதோறும் வகுப்பறைச் சுவரிற் பிள்ளையின் உயரத்தை அளந்து குறிக்கும் ஆசிரியர், அவ்வெண்ணைப் பிள்ளையின் குலத்துக்கு இட்ட புள்ளியாகக் கொள்ளாதிருப்பாராக. அது வளர்ந்தோராகிய எமக்கு இடப்பட்ட புள்ளி.