சளி டப்பா

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வளாகம் முன்பு காசநோய் ஆஸ்பத்திரியாக இருந்தது. இன்றும் அங்கே இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு போனால் முதலில் நீட்டுவது ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைத்தான். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சில் மட்டும் இருந்தால் பயனில்லை. மூடியை இறுக்கித் திருக வேண்டும். இந்த டப்பாமீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதில் சேரும் சளியில் தேடுவது காசநோய்க் கிருமியை. அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியில் சுமார் 44 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். 1998இல் அதை முழுதாக வாசித்து வெளியிட்டார்கள். 'ஆர்பிஓபி' மரபணுவில் ஓரிடத்தில் 'சி' போய் 'டி' வந்தாலே ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்து பலிக்காது. இதை ட்ரூநாட் என்னும் மரபணுச் சோதனைக் கருவி சில மணி நேரத்தில் பிடித்துவிடும். ஆனால் மற்ற மருந்துகளில் எவை கேட்கும், எவை கேட்காது என்று ஒருசேரப் பார்க்க மரபணுத் தொகுதியின் முழு வாசிப்பே சிறந்தது. கிருமியை வளர்த்துச் சோதிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தவறான மாத்திரையை விழுங்குகிறவரின் உடம்பு என்ன பாடுபடும்!

முழு வாசிப்பில் இருவருடைய கிருமிகளுக்கிடையே ஐந்தெழுத்துக்குள்தான் வித்தியாசம் என்றால், தொற்று அண்மையில் பரவியிருக்க வாய்ப்பு அதிகம். எந்த வீட்டுக்காரர்களை, எந்த வேலையிடத்தாரை உடனே பரிசோதிக்க வேண்டும் என்பது அப்போது தெளிவாகிறது.